கஜானா காலி: ஒரு கதவடைப்பின் பிரதிகள்

வெள்ளை அறிக்கையை ஓர் இலக்கிய வகை என்று சொன்னால் பொருளாதாரம் தெரிந்த நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும். 2001-இல் அன்றைய நிதியமைச்சர் சி. பொன்னையன் வெளியிட்ட அறிக்கையையும், 2021 ஆகஸ்ட் 9 அன்று பழனிவேல் தியாகராஜன் வெளியிட்டதையும் அருகருகே வைத்துப் படித்தபோது எனக்கு அட்டவணைகளைவிட அவற்றின் கதைசொல்லல்தான் முதலில் கண்ணில் பட்டது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்கான கூடத்தில், போட்டித் தேர்வுக்குத் தயார் செய்யும் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இவற்றைப் படித்தேன். அந்தப் பிள்ளைகள் எந்த வேலைக்காகத் தலையைக் குனிந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்களோ, அந்த வேலைதான் நான் படித்த பிரதிகளில் 'செலவு' என்ற தலைப்பின் கீழ் வந்தது.

வகைமையின் விதிகள் எளிமையானவை. ஆட்சி மாறியவுடன் எழுதப்படும். வில்லன் முந்தைய ஆட்சி. புதிதாக வந்தவர்கள் கதவைத் திறக்கிறார்கள், உள்ளே ஒன்றுமில்லை. மேடையில் இதன் சுருக்கம் 'கஜானா காலி'. கஜானா என்ற சொல்லோடு ராஜா, பெட்டி, பூட்டு, சாவி எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. நவீன அரசின் பற்றாக்குறை பெட்டி காலியாவது அல்ல. வருவாய்ப் பற்றாக்குறை என்றால் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குவது. 2020-21-இல் அது 61,320 கோடி. இது ஒரு உறவு: யாரிடம் வசூலிக்கவில்லை, யாருக்குக் கொடுக்கிறோம், யாரிடம் கடன்படுகிறோம் என்கிற உறவு. 'காலி' என்று சொன்னதும் உறவு மறைந்து வெற்றிடம் மட்டும் நிற்கிறது. வெற்றிடத்தோடு யாரும் சண்டை போட முடியாது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டில் 2021 அறிக்கை மேலான பிரதி. வரி வசூல் மாநில உற்பத்தியோடு ஒப்பிடச் சரிந்துபோனதை அது மறைக்கவில்லை. சொத்துவரியையும் கட்டணங்களையும் திருத்தாமல் வைத்திருப்பது ஏழைக்குச் செய்த உதவி அல்ல, இருப்பவனுக்குச் செய்த உதவி என்ற இடம்வரை அதன் வாதம் போகிறது. ஆனால் அந்த அறிக்கையில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அதுவல்ல. ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் என்ற எண்தான்.

இந்த எண்ணை எங்கள் பகுதியில் வைத்துப் பார்க்கிறேன். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையை ஒட்டி வாரியக் குடியிருப்புகள். (குடிசை மாற்று வாரியம் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது, பெயரிலிருந்து குடிசை போய்விட்டது.) சற்றுத் தள்ளி கோட்டூர் கார்டன்ஸ் பங்களாக்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் புகுந்தது என்பதைத் தவிர, இந்த இரண்டு வகைக் 'குடும்பங்களுக்கும்' பொதுவான கணக்கு எதுவும் எனக்குத் தெரியாது. வகுத்தலுக்கு மட்டும் தெரிகிறது. வாரியக் குடியிருப்பில் இருந்துகொண்டு அந்தப் பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கும் ஓர் அக்காவிடம் டீக்கடையில் வைத்து இந்த எண்ணைச் சொன்னேன்.

"இன்னா சார், எம்மேல ரெண்டரை லச்சமா? எவன்கிட்ட வாங்கினேன்? குழுவுல இருவதாயிரம் கேட்டா பத்து பேரு கையெழுத்து கேக்கறான். இத எவன் எனக்குக் கேக்காமலே குடுத்தான்?"

கருத்தியல் தனிமனிதரை விளித்துத்தான் தன் குடிமகனாக ஆக்கிக்கொள்கிறது என்றார் அல்துஸ்ஸர். தெருவில் போலீஸ்காரர் 'ஏய்' என்றதும் திரும்புகிறவன் அவர் கொடுத்த உதாரணம். வெள்ளை அறிக்கையும் அப்படித்தான் கூப்பிடுகிறது: 'ஏய், கடன்காரக் குடும்பமே.' அக்கா திரும்பவில்லை. தேசத்துக்கும் மாநிலத்துக்கும் சேர்த்துக் கவலைப்படும் நம்மைப்போன்ற படித்தவர்கள்தான் திரும்புகிறோம். திரும்பியதும் அடுத்த கேள்வி வருகிறது: சரி, யாருடைய சம்பளத்தை நிறுத்தலாம்?

இந்தக் கேள்விக்கு 2003-இல் ஒரு பதில் கிடைத்தது. அமெரிக்காவில் நிதி ஒதுக்கீடு நிறைவேறாவிட்டால் அரசாங்கமே பூட்டிக்கொள்கிறது. 2018-19-இல் 35 நாள், 2025-இல் 43 நாள்; மின்னசோட்டா என்ற மாகாணம் 2011 ஜூலையில் 20 நாள் மூடிக் கிடந்தது. இங்கே அந்த ஏற்பாடு இல்லை. முழு நிதிநிலை அறிக்கை தாமதமானால் அரசியல் சட்டத்தின் 206-ஆம் பிரிவுப்படி முன்பண மானியம் வாங்கி ஓட்டலாம். நிதி மசோதாவே சட்டமன்றத்தில் தோற்றால் அமைச்சரவை போகும், ஆபீஸ் இருக்கும். நம் அரசு மூடுவதில்லை, திறந்தபடியே சிலருக்கு மட்டும் மூடிக்கொள்ளும். தொழிற்சங்க மொழியில் இதற்குச் சரியான சொல் உண்டு. தொழிலாளி நிறுத்தினால் வேலைநிறுத்தம். முதலாளி நிறுத்தினால் கதவடைப்பு. 2003 ஜூலையில் நடந்ததை எல்லாப் பத்திரிகைகளும் வேலைநிறுத்தம் என்றே எழுதின. நான் அதைக் கதவடைப்பு என்று வாசிக்கிறேன்.

நிகழ்ச்சிகள் தெரிந்தவைதான். 2001 அறிக்கை போட்ட பாதையில் போனஸ், சரண்டர் லீவு, ஓய்வூதியப் பலன்கள் ஒவ்வொன்றாகக் கத்தரிக்கப்பட்டன. 2003 ஜூலை 2 அன்று அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதற்கு முன்பே சங்கத் தலைவர்கள் கைது. 2002-இலேயே கொண்டுவந்து வைத்திருந்த டெஸ்மா சட்டம், அதைக் கூர்மையாக்க ஓர் அவசரச் சட்டம். சில நாட்களுக்குள் சுமார் 1,70,000 பேர் வேலைநீக்கம். விசாரணை இல்லை, குறிப்பாணை இல்லை. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், டி.கே. ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. முதலிரண்டு நீதிமன்றத்தின் வேலை. தார்மீகத்தை யார் ஒப்படைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தத் தீர்ப்பில் ஒரு எண் பதிவாகியிருக்கிறது. நேரடி வரி வருமானத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஊழியர் சம்பளத்துக்கே போகிறது என்பது அரசுத் தரப்பின் வாதம். இதை நிதானமாக வாசிக்க வேண்டும். அன்றைக்கு மாநிலம் பிழைத்தது பெரும்பாலும் விற்பனை வரியில், அதாவது மறைமுக வரியில். தீப்பெட்டி வாங்கினவனும் அதைக் கட்டினான். 'நேரடி வரியில் 90' என்பதில் 'நேரடி' என்ற சொல் தெருவுக்கு வரும்போது உதிர்ந்துவிட்டது. '90' மட்டும் வந்து சேர்ந்தது. டீக்கடையில், பஸ்ஸில், ஏன், நம் இலக்கியக் கூட்டங்களில்கூட அன்று அந்த எண்தான் பேசிக்கொண்டிருந்தது. "நம்ம வரிப்பணத்த பூரா இவனுங்களே திங்கறானுங்க."

மக்களின் எரிச்சல் பொய்யானதல்ல. சாதிச் சான்றிதழுக்கு நாலு தடவை நடந்தவன், பட்டா மாற்றத்துக்கு நோட்டை மடித்துக் கொடுத்தவன் குமாஸ்தா மீது கோபப்படத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. அந்த எரிச்சலை அரசு உருவாக்கவில்லை, எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவனுடைய கோபத்தை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவனை வெளியேற்றும் ஆயுதமாக்கியது. மேசை மட்டும் அப்படியே இருந்தது. வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களின் இடத்துக்குத் தொகுப்பூதியத்தில் ஆள் எடுக்கப்பட்டார்கள். அவர்களிடம் போன மக்களுக்கு அதற்காகச் சான்றிதழ் சீக்கிரம் கிடைத்துவிடவில்லை.

நம்மைப்பற்றியும் சொல்லவேண்டும். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் அதிகாரத்தின் நுண் இயக்கம், ஒழுங்குபடுத்தல், கண்காணிப்பு என்று பத்தாண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தோம். ஒன்றேமுக்கால் லட்சம் பேரை ஒரு கையெழுத்தில் வெளியே தள்ளியபோது, அதிகாரம் அவ்வளவு பகிரங்கமாக வேலை செய்தபோது, நம்மில் பலருக்கு அது கோட்பாட்டுக்குரிய விஷயமாகத் தோன்றவில்லை. குமாஸ்தா விளிம்புநிலை மனிதன் இல்லை அல்லவா! நானும் அன்று ஒரு வரிகூட எழுதவில்லை. பி.எஃப்., பென்ஷன், டி.ஏ. என்ற சொற்களுக்கு அழகியல் இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார், நான் சிரித்தேன்.

சங்கங்களிடமும் இதேபோல ஒரு மௌனம் இருந்தது. சத்துணவு ஆயாக்கள், தொகுப்பூதிய ஆசிரியர்கள், குப்பை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆகியோரின் கோரிக்கை கோரிக்கைப் பட்டியலில் கடைசியில் வரும். பேச்சுவார்த்தையில் முதலில் கழன்றுவிடும். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் இரண்டு மண்டலங்களில் தூய்மைப் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்த பெண்கள் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டபோது, 2003-ஐ அனுபவித்தவர்களுக்கு அது பழைய காட்சி. ஆனால் அவர்களில் எத்தனை பேர் அந்த நடைபாதைக்குப் போனார்கள்?

2003-ஐ முழுதாகப் பார்த்தால்தான் அந்தப் பிரதியின் அமைப்பு தெரியும். அந்த ஒரே ஆண்டில் நான்கு நடந்தன. ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது. ஜூலையில் வேலைநீக்கம். நவம்பரில் டாஸ்மாக் சில்லறை மதுக்கடைகளைத் தானே எடுத்து நடத்த ஆரம்பித்தது. சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்று மூடிய அதே கை சாராயக் கடையைத் திறந்தது. அங்கே பட்டதாரிகளைத் தொகுப்பூதியத்தில் நிறுத்தியது. 2003-04-இல் சுமார் 3,600 கோடியாக இருந்த மது வருவாய் 2023-24-இல் 45,000 கோடியைத் தாண்டியது. ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரியின் பெரும்பகுதி கைவிட்டுப் போனபின், பெட்ரோலும் பிராந்தியும்தான் மாநிலம் தானாக வரி போடக்கூடிய பெரிய பொருட்களாக மிஞ்சின. 15-ஆவது நிதிக்குழு மத்திய வரிகளில் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த பங்கு 4.079 விழுக்காடு. இந்தக் கணக்கைக் கேட்கவேண்டிய இடத்தில் நாம் குமாஸ்தாவின் போனஸைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. ஒரு தொகுதியும் வெல்லவில்லை. உடனே ஊழியர்மீதான நடவடிக்கைகளும் வேறு பல கெடுபிடிகளும் திரும்பப் பெறப்பட்டன. காலி என்று சொன்ன பெட்டியிலிருந்து எப்படிக் கொடுக்க முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நான் உட்கார்ந்து படித்த நூலகமும் இந்தக் கதைக்குள் ஒருமுறை வந்துபோனது. 2010 செப்டம்பரில் திறந்த இதை 2011 நவம்பர் தொடக்கத்தில் இடம் மாற்றிவிட்டுக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அரசு அறிவித்தது. காரணம் நிதி அல்ல, அது வேறு கணக்கு. ஆனால் அதே நவம்பரில்தான் சுமார் 13,000 மக்கள் நலப் பணியாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பஸ் கட்டணமும் பால் விலையும் நிதி நெருக்கடியைச் சொல்லி ஏற்றப்பட்டன. நூலக இடமாற்றத்துக்கு உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பிறகும் நூலகம் பூட்டப்படவில்லை. புதுப் புத்தகம் வாங்குவது நின்றது, பராமரிப்பு நின்றது. மறுபடியும் நீதிமன்றம் போகவேண்டி வந்தது. திறந்து வைத்துக்கொண்டே மூடுவது எப்படி என்பதற்கு கோட்டூர்புரத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக, வெள்ளை அறிக்கைகளின் இலக்கணத்தைப்பற்றி ஒன்று. அவற்றில் வினைகள் பெரும்பாலும் செயப்பாட்டுவினை. கடன் வாங்கப்பட்டது, கட்டணம் திருத்தப்படாமல் விடப்பட்டது, ஊதியச் செலவு உயர்ந்தது. 'நான்' என்று ஒருவரும் வருவதில்லை. பற்றாக்குறையின் சொல்லாடல் முழுவதிலும் 'நான்' எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது, வேறொரு பிரதியில். உச்ச நீதிமன்ற ஏற்பாட்டின்படி வேலைக்குத் திரும்ப விரும்பியவர்கள் நிபந்தனையற்ற மன்னிப்பும், 1973 நடத்தை விதிகளின் 22-ஆம் விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆயிரமாயிரம் பேர் எழுதிய அந்தக் கடிதங்களை எந்த நூலகமும் சேகரிக்கவில்லை.

எங்கள் வீட்டுவசதி வாரிய ப்ளாக்கில் மேல்மாடியில் ஓய்வுபெற்ற உதவியாளர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். 2003-இல் வெளியே போய் உள்ளே வந்தவர். பேச்சுவாக்கில் கேட்டதும், "நகல் இருக்கு தம்பி, இரும்" என்று உள்ளே போய் ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்து வந்தார். கையால் எழுதிய ஒரு பக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். நான் இன்ன தேதியில், நான் பணிக்கு வராமல், நான் மன்னிப்பு. குரல் எங்கும் உடையவில்லை. முப்பது வருஷம் பிறருடைய கோப்புகளைப் படித்த குரல் அது. பாதியில் நிறுத்திப் பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"பணிக்கு திரும்பன்னு எழுதிருக்கேன், ஒற்று விட்டுப்போச்சு பாரும். அவசரத்துல எழுதினது" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கு-வுக்குப் பக்கத்தில் ஒரு 'த்' போட்டார்.