சட்டாம்பிள்ளையும் சீமைப் பள்ளிக்கூடமும்

கல்வித் தத்துவங்களெல்லாம் பெரிய நூல்களிலே பிறந்து, பிறகே பள்ளிக்கூடங்களுக்கு இறங்கி வருகின்றன என்பது பொதுவான எண்ணம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தெங்கும் பரவி, அங்கிருந்து கடல் கடந்து பல தேசங்களுக்கும் சென்ற ஒரு போதனா முறை, எந்த ஞானியின் ஏட்டிலும் உதிக்காமல், சென்னைப் பட்டணத்தை ஒட்டிய ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தின் மணலிலே கிடந்து, குதிரைமேல் அவ்வழியே போன வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவரின் கண்ணிலே பட்டது. அவர் பெயர் ஆண்ட்ரூ பெல். எழும்பூரில் 1789-இல் ஏற்பட்ட, சோல்ஜர்களின் ஆண்மக்களுக்கான அநாதை விடுதியின் பள்ளிக்கூடத்தை மேற்பார்த்து வந்தவர். சிறுவர்கள் தரையிலே மணலைப் பரப்பி விரலால் எழுத்தெழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதையே தம் பள்ளியின் கடைசி வகுப்பிலும் நடத்தும்படி உதவி உபாத்தியாயர்களிடம் சொல்ல, அவர்கள் அது தங்களால் ஆகாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள, வேறு வழியின்றி ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் ஆகாதென்று கைவிட்ட காரியத்தைப் பையன் செய்து காட்டினான். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசான் என்ற ‘மதராஸ் முறை’ இவ்வாறு பிறந்தது. 1796-இல் கப்பலேறிய பெல், மறு ஆண்டே லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார்.

பெல் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் இந்த முறை நம்மவர்க்குப் புதியதன்று. உபாத்தியாயராகிய அண்ணாவி வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தைத் தொடங்கி வைப்பவனும், அரிச்சுவடிக்காரனுக்கு எழுத்தையும் எண்சுவடிக்காரனுக்கு வாய்பாட்டையும் முறை வைப்பவனும், பிள்ளைகள் ஒருமித்துச் சொல்லும் பாடத்தில் எவன் உதட்டை மட்டும் அசைக்கிறான் என்று உன்னிப்பாகப் பார்ப்பவனும் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளையே. பல்லாரி ஜில்லாவின் கலெக்டராயிருந்த காம்ப்பெல் துரை, சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோவின் உத்தரவுப்படி 1823-இல் எழுதியனுப்பிய அறிக்கையில், அங்குள்ள தெலுங்கு, கன்னடப் பள்ளிகளின் நடப்பைக் கண்ணெதிரே நிறுத்துகிறார். விடியற்காலையில் முதலில் வருகிறவனது உள்ளங்கையிலே சரஸ்வதியின் நாமம் எழுதப்படும், இரண்டாவது வருகிறவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழி, மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, இப்படியே பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வோர் அடி ஏறிக்கொண்டே போகும். மூத்த மாணாக்கர் இளையவர்க்குக் கற்பிக்கும் வழக்கத்தை மனமாரப் புகழும் காம்ப்பெல், இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று சொல்லிவிட்டு, அடுத்தபடியாக அப்பள்ளிகளின் பெருங்குறையையும் மறைக்காமல் எழுதுகிறார்: பேச்சு வழக்கினின்று வெகுதூரம் விலகிய செய்யுள் நடையில் அமைந்த நூல்களைப் பிள்ளைகள் பொருளறியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறார்கள், பல இடங்களில் உபாத்தியாயருக்கும் பொருள் தெரியாது.

இவ்விரண்டு அபிப்பிராயங்களும் தனித்தனியானவை என்று நான் கருதவில்லை. பிள்ளை பிள்ளைக்குக் கற்பிப்பது அவ்வளவு எளிதாக நடந்ததற்குக் காரணமே, கற்பிக்க வேண்டியது ஒப்பித்தலோடு நின்றதுதான். எழுத்தின் வடிவம் சரியா, வாய்பாட்டில் எண் தவறிற்றா, அடி விட்டுப்போயிற்றா என்று கண்டுபிடிக்க எட்டு வயதுப் பையன் போதும். ஒரு செய்யுளின் கருத்தை மற்றொருவன் மனத்தில் ஏற்றவும், அவன் கேட்கும் கோணல் கேள்விக்குச் சினமின்றி விடை சொல்லவும் அவன் போதமாட்டான். ஆகவே இம்முறை பரவிய இடமெல்லாம், ஆசிரியர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கல்வி என்பது இன்னதுதான் என்ற ஒரு தீர்மானமும் அதனோடு சேர்ந்தே பரவிற்று. பாடத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் சரியா தவறா என்று உடனே தீர்ப்புச் சொல்லும்படி அமைத்தாலன்றி இம்முறை நடவாது.

ஆயினும் திண்ணையிலே இக்குறை அடக்கமாயிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மன்றோ 1826-இல் தொகுத்த கணக்கின்படி சென்னை ராஜதானி முழுவதிலும் இருந்த பள்ளிகள் 12,498. மாணாக்கர் 1,88,650 பேர். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குச் சுமார் பதினைந்து பிள்ளைகள். பல்லாரியிலோ 533 பள்ளிகளில் 6,641 பேர், பள்ளிக்குப் பன்னிரண்டு. (அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேரே என்பதையும், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டோர்க்கு அத்திண்ணைகளில் இடமில்லை என்பதையும், பழமையைப் போற்றிப் பேசுகிற நம்முடைய நண்பர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.) பதினைந்து பிள்ளைகள் உள்ள இடத்தில் சட்டாம்பிள்ளை எவ்வளவு அதிகாரம் செய்தாலும், அண்ணாவியின் கண் எல்லார்மேலும் இருந்துகொண்டேயிருக்கும், அந்திப் பொழுதுக்குள் ஒவ்வொருவனையும் அருகே அழைத்து, அவனது ஏட்டைத் தாமே பார்த்துவிட அவரால் இயலும். சட்டாம்பிள்ளை அவருக்கு உதவி. அவருக்குப் பதிலாள் அல்லன். இந்த விகிதமே முறையின் உயிர் என்பது என் துணிபு.

சீமைக்குப் போனபோது முறை கப்பலேறிற்று. விகிதம் கரையிலேயே நின்றுவிட்டது. லண்டனில் 1798-இல் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளை நடத்தலாம் என்று பறைசாற்றினார். நீண்ட கூடத்தில் வரிசை வரிசையாகப் பலகைகள், வரிசைக்கு மானிட்டர் என்ற ஒரு சட்டாம்பிள்ளை, சமிக்ஞை கிடைத்ததும் நூற்றுக்கணக்கான சிலேட்டுகள் ஒரே கணத்தில் உயரும், மறு சமிக்ஞைக்கு ஒரே கணத்தில் துடைக்கப்படும், தொப்பியைக் கழற்றிக் கயிற்றில் கோத்து முதுகுக்குப் பின்னே தொங்கவிடுவதற்குக்கூடத் தனி உத்தரவு உண்டு. பிரம்பை வெறுத்த அம்மனிதர் அதற்கு ஈடாகக் கண்டுபிடித்தவை, கழுத்திலே கட்டும் மரக்கட்டையும், குற்றவாளிப் பையனைக் கூடையிலிட்டுக் கூரையிலிருந்து தொங்கவிடும் யுக்தியுமாகும். பிள்ளையைக் கயிற்றிலே தொங்கவிடும் நம் திண்ணையின் கோதண்டத்துக்குச் சீமையிலும் ஓர் உடன்பிறப்பு இருந்தது போலும்! கவி கோல்ரிட்ஜ் 1808-இல் ஒரு பிரசங்க மேடையிலேயே இத்தண்டனைகளைப் படித்துக் காட்டிக் கண்டித்தார்.

பெல்லின் ஆதரவாளருக்கும் லங்காஸ்டரின் ஆதரவாளருக்கும் இடையே முறையைக் கண்டவர் யார், பள்ளியில் எந்தச் சபையின் சமயபாடம் இருக்க வேண்டும் என்று நடந்த நீண்ட சச்சரவை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, ஏழைகளின் பிள்ளைகளுக்குச் செலவேறிய கல்வி வேண்டியதில்லை, எழுதவும் கணக்குப் போடவும்கூட எல்லாருக்கும் கற்பிக்க வேண்டுவதில்லை என்ற கருத்தைப் பெல்லே தம் நூலில் எழுதிவைத்திருப்பது. மலிவு இம்முறையின் தற்செயலான குணம் அன்று; பணம் கொடுத்தவர்கள் அதை விரும்பியதற்கு முதற்காரணம் அதுவே. தங்கள் சொந்தப் பிள்ளைகளை மானிட்டரிடம் ஒப்படைக்க அந்தத் தனவந்தர்கள் ஒருபோதும் சம்மதித்திருக்கமாட்டார்கள். உபாத்தியாயரின் வேலையைச் சிறுவனே செய்துவிடுகிறான் என்று நிரூபித்துவிட்டால், உபாத்தியாயருக்குப் பயிற்சி எதற்கு, கௌரவமான சம்பளம் எதற்கு என்ற கேள்வி தானே எழும். எழுந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும் இம்முறையை முழுதும் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. நேற்றுத்தான் கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரிந்துகொண்ட பையனுக்கு, அது தெரியாதவன் எந்த இடத்திலே தடுக்கி விழுகிறான் என்பது நன்றாகத் தெரியும். முப்பது வருஷமாக அக்கணக்கைப் போட்டுவரும் உபாத்தியாயருக்கு அந்த இடம் என்றோ மறந்துபோயிருக்கும். ‘ஐயா, புரியவில்லை’ என்று சொல்ல நா எழாத குழந்தை, பக்கத்திலிருப்பவனிடம் ‘டேய், இது எப்படிடா?’ என்று கூசாமல் கேட்கிறது. கற்பிக்கிறவனுக்கும் லாபம் குறைவன்று. பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது அவனுக்கே வெளியாகிறது. பெல் ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவன் மற்றவனுக்குப் பொறுப்பாகும்படி அமைத்தது இதை உணர்ந்துதான். ஆயிரம் சிலேட்டுகளின் ஆரவாரத்தில் அந்த இருவரை யாரும் கவனிக்கவில்லை.

இங்கிலாந்தில் 1846-இல் கல்வி அதிகாரி கே-ஷட்டில்வர்த் கொண்டுவந்த திருத்தம் இக்குறையைத் தொட்டது. பதின்மூன்று வயது நிரம்பியவர்களையே மாணவ-ஆசிரியராக எடுப்பது, ஐந்தாண்டுப் பயிற்சி தருவது, இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒருவராக வைப்பது, அவர்களுக்குத் தலைமை உபாத்தியாயர் தினந்தோறும் ஒன்றரை மணி நேரம் தனியே பாடம் சொல்வது, அரசாங்கமே உபகாரச் சம்பளம் கொடுப்பது என்று அவர் ஏற்படுத்தியபோது, கைவிடப்பட்ட விகிதத்தில் ஒரு பகுதியும், கற்பிக்கிறவன் தானும் கற்க வேண்டும் என்ற நியதியும் திரும்பி வந்தன. செலவும் கூடவே வந்தது.

நம் நாட்டில் நேர்ந்தது வேறு. திண்ணைகள் மறைந்து, சர்க்கார் பள்ளிகளும் வயதுப்படி பிரித்த வகுப்புகளும் வந்தபின், சட்டாம்பிள்ளை ‘கிளாஸ் லீடர்’ என்ற பெயரோடு உயிர்வாழ்கிறான். சார் வெளியே போனதும் சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையின் ஓரத்திலே பேசுகிறவர்களின் பெயரை எழுதுவதும், மீண்டும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி இடுவதும், சிநேகிதன் பெயரை மட்டும் சத்தமில்லாமல் அழித்துவிடுவதும் அவன் தொழில். தின்பண்டம் பெற்றுக்கொண்டு தண்டனையைக் குறைத்த பழைய சட்டாம்பிள்ளையின் துர்க்குணங்கள் அவனிடம் பழுதின்றி வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் பழையவன் செய்த ஒரே நல்ல காரியம், பின்தங்கியவன் அருகே உட்கார்ந்து கைபிடித்து எழுத்தெழுதுவித்தது, அவனிடம் இல்லை. அதை இன்று எவனாவது செய்ய முற்பட்டால் ‘பேசுகிறான்’ என்று அவன் பெயரும் பலகையில் ஏறுகிறது.