மலைபடுகடாத்தில் இயமும் வழியும்

பத்துப்பாட்டின் இறுதிக்கண் நிற்பது மலைபடுகடாம். 583 அடிகளான் இயன்ற இப்பாட்டு, இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனாரால் நன்னன் சேய் நன்னன்மேற் பாடப்பெற்றது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் இதற்கு உண்டு. உ. வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையொடு வெளியிட்ட நாள்தொட்டு, இதனை இயற்கைப் புனைவின் கருவூலமாகப் பயிலும் வழக்கு நம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. அருவியின் ஒலி, யானையின் பிளிறல், தினைப்புனத்தின் ஆரவாரம் ஆகியவற்றைத் தொகுத்து, ‘இயற்கை வருணனை’ எனத் தலைப்பிட்டு எழுதிவிட்டால் பாட்டின் பணி முடிந்ததாக மாணவர் கருதுகின்றனர். பாட்டு முழுதையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு இக்கருத்து நிறைவு தாராது. மலைபடுகடாம் மலையைப் பற்றிய பாட்டன்று. மலைவழியே நடந்து செல்லும் ஒரு சிறு கலைக்குழுவைப் பற்றிய பாட்டு. அக்குழுவின் கையில் உள்ள இசைக்கருவிகள் வழிநெடுகப் படும் பாட்டை ஒழுங்குறத் தொடர்ந்து சென்றால், ஒலிகளின் தொகுதி அவ்விடத்தே வந்து நிற்பது ஏன் என்பதும் விளங்கும். அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

குழுவின் இயல்பு

ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் இனத்தானுக்கு வழிகூறி விடுத்தல். கூத்தர், பாணர், பொருநர், விறலி என்போர்க்கு இஃது உரித்து என்பது தொல்காப்பியப் புறத்திணையியலாற் பெறப்படும். எனவே வழிகூறுவானும் வழிகேட்பானும் ஒரே தொழிலினர். முன்னவன் அவ்வழியே நடந்து மீண்டவன். அடிபட்ட கால்களோடு பேசுபவன். அவன் கூற்றில் உள்ள நுண்மைக்கு இதுவே காரணம் எனலாம்.

குழுவோ தலைவன் ஒருவனை உடையது, சுற்றத்தாரை உடையது, விறலியரையும் உடையது. அச்சுற்றத்தைப் புலவர் ‘கடும்பு’ எனச் சுட்டுகின்றார். விறலியரின் கல்பொருத சிற்றடிகள் ஓடி இளைத்த நாயின் நாவிற்கு உவமிக்கப்படுகின்றன. அழகினைச் சொல்ல வந்த உவமை, வழியின் கொடுமையையும் உடன் சொல்லிவிடுகின்றது. நடக்கும் காலினை முதலிற் காட்டிவிட்டே நடக்கும் வழியைப் புலவர் காட்டத் தொடங்குகின்றார் என்பது கருதத்தக்கது.

வழியின் அறிவு

வழிகூறுவான் தரும் அறிவுரைகளை வரிசைப்படுத்திக் காண்பார்க்கு, அவை அலங்காரமல்ல என்பது தெற்றென விளங்கும். பன்றிக்கு வைத்த பெருங்கல் அடார்கள் வழியில் உள்ளன. ஆதலின் இருளிற் செல்லாது தங்கி, விடிந்தபின் செல்க. பாம்பு ஒடுங்கிய குழிகள் உள்ளன. குறிக்கொண்டு நோக்கி, விறலியர் கைதொழுது வாழ்த்த, நெறியிற் சிறிது விலகிக் கடக்க. யானையைக் கடியப் புனங்காவலர் எறியும் கவண்கல் கூற்றம்போல் வரும். மரத்தை மறைவாகக் கொண்டு கடக்க. ஆழ்ந்த கயத்தின் ஓரம் பாசி படர்ந்து அடி வழுக்கும். சிறுமூங்கிலையும் கொறுக்கையின் மெல்லிய தண்டையும் பற்றிக்கொண்டு கடக்க. இரவு வந்தால் சொந்த இல்லம் புகுந்தாற்போலக் கல்முழைஞ்சிற் புகுந்து தங்குக. வீழ்ந்த மரம்போற் கிடக்கும் மாசுணத்தை விலகிச் செல்க. வேல்முனைபோற் கூரிய பாறைகளைக் கதிரின் சினம் தணிந்த பொழுதிற் கடக்க.

ஒவ்வோர் அறிவுரையும் இடம், காலம், இடையூறு, அதனை வெல்லும் முறை என்னும் நான்கையும் தன்னுட் கொண்டிருத்தல் காண்க. ‘கழிமின்’ என ஏவல்வினை மீண்டும் மீண்டும் வருவதும் இதனாலேயே. நடையின் தாளமே பாட்டின் தாளமாகியுள்ளது.

மற்றொன்றும் நோக்குதற்குரியது. இம்மலை மக்கள் அற்ற மலையன்று. யாம் நன்னனிடம் செல்லும் கூத்தர் என்று கூறிய அளவிலேயே மலைச்சிற்றூரார் இக்குழுவை ஏற்கின்றனர். தம் வீடு போல் உட்புக இசைகின்றனர். நெய்யில் வெந்த தசையும் தினைச்சோறும் அளிக்கின்றனர். முல்லை நிலத்தே கோவலர் பாலும் சோறும் தருகின்றனர்; தீயைத் துணையாகக் கொண்டு ஆங்கு இரவு கழிக்கலாம். ஆயினும் மலையிற் பலநாள் தங்காதே கீழுள்ள நாடு நோக்கிச் செல்க என்ற எச்சரிக்கையும் உண்டு. வரையரமகளிர் உறையும் இடத்தைக் கண்டால் உயிர் நடுங்கும் என அதற்குக் காரணமும் கூறப்படுகின்றது. மலை விருந்தளிக்கும், ஆனால் புதியவர்க்கு அது நிலையான உறைவிடம் அன்று. இவ்வளவறிந்த தன்மையே இப்பாட்டின் உயிர்ப்பண்பு.

இயத்தின் செலவு

இனி இசைக்கருவிகளைத் தொடர்வோம். பாட்டின் தொடக்கத்தில் முழவு, ஆகுளி, கோடு, தூம்பு, குழல், யாழ் முதலியன ஒருங்கு அடுக்கப்படுகின்றன. அவையனைத்தும் பைகளிற் கட்டுண்டு, பலாக்காய்க் கொத்துப்போல் தோளிற் சுமையாகத் தொங்குகின்றன. ஒலித்தற்குரியவை ஒலியின்றிச் சுமையாக வருகின்றன என்பதே முதற்காட்சி.

அவை வழியிடை முதன்முதல் ஒலிப்பது எங்கே? அரசன் அவையிலன்று, வழிதப்பிய இடத்தில். குறவரே திகைக்கும் குன்றத்தில் நெறி மயங்கினால், மேலும் நடத்தலைத் தவிர்த்து, அகன்ற பாறைமேல் எல்லாரும் ஒருங்கு கூடிக் கருவிகளை இயக்குக என்கின்றான் வழிகூறுவான். அவ்வொலி கேட்டுக் காடு காக்கும் கானவர், வெள்ளத்தில் வீழ்ந்தோர் கூக்குரல் கேட்டு ஓடிவருவார்போல் விரைந்து வருவர்; உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டுவர்; இடர் நிறைந்த வழியில் தாம் முன்னே நடந்து குழுவை அழைத்துச் செல்வர். வழிதப்பினால் நடவாதே, ஒன்றுகூடு, ஒலியெழுப்பு என்பது இன்றும் மலையேறுவோர்க்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம். அதனைப் புலவர் கலையின் முதற்பயனாக்கிவிட்டார். இசை ஈண்டு இன்பப்பொருளன்று, உயிர்காக்கும் அழைப்பு.

இதன்பின் உடனே வருவதுதான் ஒலிகளின் தொகுதி. கானவர் காட்டிய திசையிற் சென்று, பூக்கள் உதிர்ந்து கிடக்கும் வரிநிழலில் இளைப்பாறி இருப்பின் பலவகை ஒலிகளைக் கேட்பீர் என்று அது தொடங்குகின்றது. குழுவின் கருவிகள் அடங்கியபின் மலையின் கருவிகள் ஒலிக்கின்றன. இனம் பிரிந்த யானையின் குரல், குட்டியை இழந்த மந்தியின் பூசல், தேனெடுத்த கானவரின் ஆரவாரம், புலிகீண்ட கணவனின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டு, தினைகுறுவாரின் வள்ளைப்பாட்டு, கரும்பாலையின் ஓசை என அவை விரிகின்றன. இத்தொகுதியில் விலங்கின் ஒலியும் மாந்தரின் ஒலியும் விரவி நிற்கின்றன. துன்பஒலியும் தொழிலொலியும் பிரிவின்றி வருகின்றன. மலையை யானையாகவும் அதன்கண் எழும் ஒலியைக் கடாமாகவும் கொண்ட உருவகம் இவ்விடத்தேதான் பாட்டிற்குப் பெயராகின்றது. எனவே பெயர் பிறந்த இடம், கலைஞர் தம் கருவிகளை நிறுத்திவிட்டுச் செவிகொடுத்த இடம் என்பது போதரும்.

கேட்டபின் என்ன நிகழ்கின்றது? மலை தம் பின்னே செல்ல, விறலியர் குறிஞ்சிப்பண் பாடித் தொழுது செல்கின்றனர். அழைப்பு, கேள்வி, பாட்டு என்ற இம்முறைவைப்பு தற்செயலானதாகத் தோன்றவில்லை. மலையின் ஒலிகளைச் செவியாற் பருகிய பின்னரே மலையின் பண் அவர் நாவில் எழுகின்றது. அதுவும் மலைக்குள் அமர்ந்தன்று. மலையை விட்டு நீங்கும் நடையில். ஒலித்தொகுதியைத் தனியே வெட்டியெடுத்துப் பயில்வோர் இழப்பது இதனையே.

அதன்பின்னரும் கருவிகள் மறக்கப்படவில்லை. கைதோயும் அளவில் இறங்கிய முகில் துளி தூவுங்கால், தோலும் நரம்பும் நனைந்து தளராதபடி முழைஞ்சிற் புகுக என்கின்றான். நின்று நோக்கினும் கண்ணொளியைக் கவரும் சரிவில், தலைக்கோலே ஊன்றுகோலாகின்றது. ஆடரங்கின் சிறப்புச் சின்னம் காலுக்குத் துணையாகின்றது. மற்றோர் அரிய இடத்தில் யாழின் பத்தரையும் முழவின் கண்ணையும் காத்து, ஒருவர் கையை ஒருவர் விடாது மெல்ல மெல்லச் செல்க என்கின்றான். மாந்தரும் கருவியும் ஒரே ஏவலுக்குள் அடங்குதல் காண்க. கவர்த்த வழிகளில் நடுகற்கள் நிற்கின்றன. ஆங்கு வழிவழி வந்த மரபின்படி இசைத்து வணங்கிச் செல்லவேண்டும். அதனோடு, சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இடுக என்கின்றான். முன்னர்ப் புதியராய் வந்தவர், இப்பொழுது பின்வருவார்க்கு வழிகாட்டியராகின்றனர். ஆற்றுப்படை என்னும் துறையின் கருத்து முழுதும் அம்முடிந்த புல்லில் அடங்கிவிடுகின்றது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழகத் தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. அவை பிற்காலத்தனவாயினும், நன்னன் ஆண்ட செங்கண்மா அப்பகுதியே ஆதலின், பாட்டுக் கூறும் மரபு அந்நிலத்தில் நெடிது வாழ்ந்தது என்பதற்கு அவை சான்றாகும்.

ஓர் ஒப்பு நோக்கு

கலைப்படைப்பின் பொருட்டுச் சிறு குழுவாக மலைவெளியில் நடத்தல் என்றவுடன் ஆங்கில இலக்கியம் பயின்றோர் நினைவுகூர்வது, சாமர்செட்டுப் பகுதியின் குவாண்டாக் குன்றுகள். 1797-ஆம் ஆண்டு வோர்ட்சுவர்த்தும் அவர் தங்கை டாரதியும் ஆல்பாக்சுடன் மனையில் குடியேறினர்; கோலரிட்ஜ் அருகே வாழ்ந்தார். அவ்வாண்டு நவம்பரில் மூவரும் மேற்கொண்ட நடைச்செலவின்போதுதான் முதுமாலுமி பற்றிய நெடும்பாட்டு உருப்பெற்றது. செலவின் பணச்சுமையை அதன் ஊதியத்தால் ஈடுசெய்யவும் எண்ணினர். 1798-இல் வெளிவந்த ‘லிரிகல் பாலட்சு’ இந்நடைகளின் விளைவு எனலாம்.

ஆனால் அவ்வூரார் இவர்களை எங்ஙனம் கண்டனர்? இரவும் பகலும் நடப்பவர், மடிப்பிருக்கையும் குறிப்பேடும் கொண்டு திரிபவர், ஆற்றினைப் பற்றி வினவுபவர் என ஐயுற்றனர். பிரெஞ்சு நாட்டோடு போர் நிகழ்ந்த காலம் ஆதலின், 1797 ஆகத்தில் அரசு ஒற்றன் ஒருவனை விடுத்து இவர்களைக் கண்காணித்தது. பெருங்கௌசிகனாரின் குழு தன் தொழிலைச் சொன்னவுடன் விருந்து பெறுகின்றது. ஆங்கிலப் புலவரின் குழு தன் தொழிலாலேயே ஐயத்திற்கு உள்ளாகின்றது. வேறுபாடு புலமையின் ஏற்றத்தாழ்வில் இல்லை. கூத்தரின் கலைக்கு அந்நிலத்தில் அறியப்பட்ட இடம் இருந்தது. ஏட்டில் எழுதும் கலைக்குச் சாமர்செட்டுச் சிற்றூரில் அவ்விடம் இல்லை. தனிமையை நாடிச் சென்றதாகப் பின்னுள்ளோர் போற்றும் நடைகள், உண்மையில் மக்கள் கண்முன்னே நிகழ்ந்தவை என்பதும் இதனால் தெளிவாகும்.

ஒரு தடையும் விடையும்

கூத்தர் சென்றது வறுமை நீங்க. இன்றையோர் செல்வது மனமகிழ. இரண்டினையும் ஒப்பிடல் பொருந்துமா என்று வினவலாம். இத்தடை வலியுடையதே. மலைபடுகடாத்தில் எவரும் மலையை விரும்பித் தேடிச் செல்லவில்லை. நன்னனை நாடிச் செல்லும் வழியில் மலை குறுக்கிடுகின்றது. ஆயினும் பாட்டு, குறுக்கிட்ட மலையை வெறும் இடையூறாக விட்டுவிடவில்லை. இளைப்பாறும் நிழலில் கேட்டல் நிகழ்கின்றது. கேட்டலின் முடிவிற் பண் பிறக்கின்றது. நோக்கம் வேறாயினும், காட்டுவழி கலைஞனுக்கு எவ்வாறு பயன்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த பழஞ்சான்று நம் மொழியில் அரிது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடுவது அன்று. இலக்கியப் பட்டறைகளையும் எழுத்து முகாம்களையும் மலைகளில் நடத்தும் வழக்கம் நம்மிடை வளர்ந்துவருகின்றது. 2018 மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிற் காட்டுத்தீயில் அகப்பட்டு, மலையேறச் சென்றோருள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். 2024-இல் தமிழக அரசு 40 மலைவழிகளை வரையறுத்து, அவ்வப்பகுதி இளைஞரைப் பயிற்றுவித்து வழிகாட்டியராக அமர்த்தும் திட்டத்தைத் தொடங்கியது. காடு காத்து உறையும் கானவரே முன்னே நடக்கவேண்டும் என்று பெருங்கௌசிகனார் கூறியதும் இதுவே அன்றோ?

ஆதலின் முதுகலை மாணவர்க்கு ஒன்று கூறலாம். மலைபடுகடாத்தை இயற்கை வருணனை என்னும் தலைப்பின்கீழ் அடக்காது, அதன் ஏவல்வினைகளை வரிசையாக எழுதிப் பார்க்க. கருவிகள் ஒலிக்கும் இடங்களையும் அடங்கும் இடங்களையும் குறித்துப் பார்க்க. சேயாற்றங்கரையில் இந்நூலோடு நடக்க வாய்ப்பிருப்பின் நடக்க. அவ்வாறு நடப்பார், நிலத்து மக்களை வினவாது மலையேறார். தம் ஒலியைச் சற்றே அடக்கி மலையின் ஒலியைக் கேட்பார். பலநாள் தங்கி அதற்குச் சுமையாகார். மீளுங்காற் பின்வருவார்க்கு ஒரு புல்லேனும் முடிந்து வருவார். பாட்டின் பொருளை உரையாற் கற்பதோடு அடியாலும் கற்றல் அது.