மறைவிடத்துத் தரம்: கான்டெஸாவின் உள்வேலையும் நம் மரபுகளும்

நம் பழைய கார் சங்கத்தின் இந்த மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். எஞ்சினைப் பற்றியும் பெயின்ட் வேலையைப் பற்றியும் எழுத நம் சங்கத்தில் என்னைவிட மூத்தோர் பலர் உண்டு. அவர்கள் முன்னால் நான் அதைத் தொடுவது முறையில்லை. உள்வேலையும் வயரிங்கும் என் பங்கு. அதைப் பற்றி மட்டும் எழுத அனுமதி பெற்றுக்கொண்டேன். கார் கண்காட்சிக்கு வருகிறவர் வெளிப் பளபளப்பைப் பார்க்கிறார், எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார். டேஷ்போர்டுக்குப் பின்னாலும் சீட் துணிக்கு அடியிலும் இருப்பதை அவர் பார்ப்பதில்லை. ஒரு வேலை மரபின் தரத்தை அளக்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் நம்பிக்கை.

எடுத்துக்காட்டாகக் கான்டெஸாவையே வைத்துக்கொள்கிறேன். 1984-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த கார். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காருடைய கடைசித் தலைமுறையின் உடல். முதலில் வைத்தது அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின். ஏறக்குறைய 50 குதிரைத்திறன். பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்த பின்தான் அந்த உடலுக்கேற்ற உயிர் வந்தது. 2002-இல் தயாரிப்பு நின்றது. அமெரிக்காவில் மசில் கார் என்றால் 1964-இன் பான்டியாக் ஜிடிஓ; 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர், 325 குதிரைத்திறன். அந்தக் கணக்கில் நம் கான்டெஸா எங்கும் நிற்காது. ஆனால் அந்த நீண்ட பானெட்டும், அகலமும், நான்கு வட்ட விளக்கும் நம் சாலையில் அதைத் தனியாகக் காட்டின. இந்தியாவின் மசில் கார் என்று மக்கள் வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அமெரிக்கக் காருக்கு வயரிங் செட் முதல் தரைக் கார்ப்பெட் வரை விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கிவிடலாம். கான்டெஸாவுக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலானவற்றை நாமே கையால் செய்தாக வேண்டும். அதனால்தான் யாரிடம் தொழில் கற்றோம் என்பது இங்கே முக்கியமாகிறது.

இந்தத் தொழிலில் ஊருக்கு ஒரு வழி, அதாவது ஒரு குரு மரபு, உண்டு; நம் உறுப்பினர்கள் அறிந்த அவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. வரிசைக்காகத் தொட்டுச் செல்கிறேன். சென்னை வழிக்குப் பின்னால் இரண்டு பெரிய பள்ளிகள் நிற்கின்றன. ஒன்று, 1840-இல் தொடங்கிய சிம்சன் நிறுவனத்தின் வண்டி கட்டும் மரபு. மற்றொன்று, ஹெரால்டும் கெஸலும் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை. 1961-இல் லூகாஸ் டிவிஎஸ் தோன்றியபின், டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் சென்னையின் பாடியிலேயே செய்யப்பட்டன. அந்த வழியில் வந்தவர்களுக்குத் தொழிற்சாலையின் படமே வேதம். வயர் எந்த நிறமோ அதே நிறம், கிளிப் எந்த இடமோ அதே இடம். ஜிபி ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பழைய ஸ்விட்ச் ஒன்றுக்காக நாள் முழுக்க அலைய அவர்கள் தயங்கியதில்லை.

கோவை வழி வேறு. ஜி.டி. நாயுடு 1920-இல் ஒற்றைப் பேருந்தோடு தொடங்கி, 1930-களில் மின்மோட்டார் செய்துகாட்டிய ஊர் அது. கிடைக்காததைத் தேடி அலைவதைவிடச் செய்துவிடுவது அவர்கள் குணம். எரிந்துபோன ஆர்மேச்சரைத் தூக்கிப் போடாமல், சுற்று எண்ணிப் பார்த்து, அதே கனமுள்ள செம்புக் கம்பியால் மறுபடி சுற்றி, வார்னிஷ் காய வைத்துத் தருவார்கள். வைப்பர் மோட்டாரையும் ஹீட்டர் மோட்டாரையும் கோவைக்காரர்களைப் போல் உயிர்ப்பிக்க வேறு யாராலும் முடியாது என்பதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

கரூர் வழி சீட்டின் வழி. பேருந்துக்கு உடல் கட்டும் ஊரில், நாளெல்லாம் ஆட்கள் ஏறி இறங்கும் இருக்கையைத் தைத்துப் பழகிய கை அது. தையல் நேர்கோட்டில் போகும். பைப்பிங் மூலையில் மடங்காது, சுருங்காது.  

இனி எங்கள் வழி. சித்தேரி மலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பழுதுபார்த்து வளர்ந்த வழி இது. நகரத்து அன்பர்கள் சிலர் இதை ஒரு மரபாகவே எண்ணுவதில்லை. அது எனக்குத் தெரியும், வருத்தமும் உண்டு. அரூர்ப் பக்கம் அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகைதான் எங்கள் ஆசானின் பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. மேஸ்திரி என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் அவர்தான். மலையிலிருந்து சாமை மூட்டையோடும் ஆட்களோடும் இறங்கும் ஜீப்புகள் அவர் வாசலில் நின்றுதான் ஊருக்குள் போகும். காட்டுப் பாதையில், வளைவுகளில், மழை நாளின் பனிமூட்டத்தில் விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

பழைய வில்லிஸ் ஜீப்பின் ஆறு வோல்ட்டில் கை பழகியவர் அவர். அதே வாட் விளக்குக்குப் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவதைப்போல் இருமடங்கு ஆம்பியர் அதில் ஓடும். ஒரு முனை துருப்பிடித்தால் போதும், விளக்கு மங்கிவிடும். அந்தப் பழக்கத்தால் அவர் எந்த வண்டியைத் தொட்டாலும் முதலில் எர்த் பார்ப்பார். பேட்டரி எர்த், எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள பட்டை, விளக்குக் கிண்ணத்தின் எர்த் எல்லாவற்றையும் கழற்றி, தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்த பின்தான் திருகு போட விடுவார். “தம்பி, போற வயரை எல்லாரும் பாப்பாங்க. திரும்பி வர்ற வழியை நீ பாரு” என்பார். பிற்காலத்தில் மீட்டர் வைத்து அளக்கக் கற்றபோதுதான் அவர் சொன்னதன் நுட்பம் விளங்கியது. விளக்கு எரியும்போது எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது என்பது இன்றைய கணக்கு. விளக்குக்குப் போய்ச்சேரும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேஸ்திரி மீட்டர் இல்லாமலேயே இதை அறிந்திருந்தார். சுவரில் விழும் ஒளியின் மஞ்சளைப் பார்த்தே எந்த இணைப்பு கெட்டிருக்கிறது என்று சொல்வார்.

அவரிடம் மூன்று விதிகள் இருந்தன. இரும்புத் தகட்டின் துளை வழியாக வயர் போனால் ரப்பர் கிராமெட் இல்லாமல் போகக் கூடாது. வயரின் நடுவில் எங்கும் முறுக்கி ஒட்டு போடக் கூடாது. இணைப்பு வேண்டுமென்றால் அது முனையில்தான், அதுவும் அழுத்தியோ ஈயம் வைத்தோ. மூன்றாவது, வயரிங் முழுவதும் முடிந்து, எல்லா விளக்கும் ஹாரனும் வைப்பரும் ஒருசேர ஓடிப் பார்த்த பிறகே குஷன்காரரைக் கூப்பிட வேண்டும். கார்ப்பெட் கடைசி. இந்த வரிசையை மாற்றியவர்கள் புதுத் துணியைக் கிழித்துத் திரும்பத் தைத்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கான்டெஸாவின் விளக்குகளுக்கு எங்கள் வழி எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். பிரைட் போட்டால் நான்கு விளக்கும் எரியும். ஒன்று 60 வாட் என்றால் மொத்தம் 240 வாட். பன்னிரண்டு வோல்ட்டில் 20 ஆம்பியர். அத்தனையும் பழைய ஸ்விட்ச் வழியாக ஓடினால் ஸ்விட்ச் சூடாகும், அதன் பிளாஸ்டிக் இளகும், நாற்றம் வரும். ஸ்விட்சை அப்படியே வைத்துக்கொண்டு, முன்பக்கம் மறைவாக டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலே வைப்பது எங்கள் வழக்கம். பேட்டரியிலிருந்து அவற்றுக்குத் தனி ஃப்யூஸோடு கனமான வயர். 14/0.30 போதும் என்று கடையில் சொல்வார்கள். அது பதினான்கு இழை, ஒரு சதுர மில்லிமீட்டர். ஒற்றை விளக்குக்குச் சரி. நான்குக்கும் சேர்ந்து வரும் வயர் 44/0.30-க்குக் குறையக் கூடாது. அசல் கெடுகிறது என்று சென்னை வழியினர் இதை மறுப்பார்கள். அவர்கள் கவலையை மதிக்கிறேன். ஆனால் ரிலேயைக் கழற்றினால் பழைய இணைப்பு அப்படியே திரும்பி வருமாறு செய்தால், அசலுக்கும் பாதுகாப்புக்கும் பகை இல்லை. வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து 50 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிகிறதா என்று பார்க்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பதிலாவது எல்லா வழியினரும் ஒன்றுபடுகிறோம்.

உள்வேலைக்கு வருகிறேன். பழைய வண்டிகளின் சீட்டில் கம்பிச் சுருள், அதன்மேல் சாக்கு, அதன்மேல் ரப்பர் கலந்த தென்னை நார், பிறகு பஞ்சு, கடைசியில் ரெக்ஸினோ துணியோ என்று அடுக்கிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. சுருள் எடையைத் தாங்குகிறது. சாக்கு, சுருள் நாரைக் குடையாமல் காக்கிறது. நார் காற்று விடுகிறது. பஞ்சு மேற்பரப்பைச் சமன் செய்கிறது. தருமபுரி வெயிலில் நெடுநேரம் உட்கார்ந்து பார்த்தவருக்கு நாரின் அருமை தெரியும். கழற்றும்போது பழைய துணியை வீசிவிடாமல் தையல் பிரித்து, துண்டு துண்டாக விரித்து, அதையே அச்சாக வைத்துப் புதியதை வெட்ட வேண்டும். கூரைத் துணியைத் தாங்கும் கம்பி வளைவுகளுக்கு வரிசை உண்டு; கழற்றும்போதே எண் எழுதி வைக்காதவர் மாட்டும்போது சுருக்கத்தோடு மல்லுக்கட்டுவார். கதவுப் பலகைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பலர் குப்பையில் போடுகிறார்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் பலகையில் படாமல் காப்பது அந்தத் தாள்தான்.

இனிச் சொல்லப்போவது மனத்தில் நெடுநாளாகக் கிடப்பது. யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. இன்று தொழில் செய்யும் இளைஞர்களில் நல்ல கைக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம் உறுப்பினர்களின் பிள்ளைகள். ஆயினும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரே நிறத்தில் வயர் போடுகிறார்கள். புதுப்பித்ததாகச் சொல்லும் கார்களில் டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால் முழுக்க சிவப்பு, அல்லது முழுக்க கருப்பு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃப்யூஸ் தாண்டியது, கருப்பு எர்த் என்று லூகாஸ் வகுத்து, அம்பாசடரிலும் ஹெரால்டிலும் நம் தலைமுறை கண்ணை மூடிக்கொண்டு படித்த முறை அது. பச்சையில் ஊதாக் கோடு பிரேக் விளக்கு. வெள்ளைக் கோடு வலது இண்டிகேட்டர், சிவப்புக் கோடு இடது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாலைப் பொழுது போதும். அந்த மாலைப் பொழுது இன்று யாருக்கும் கிடைப்பதில்லை. கடையில் சிவப்புச் சுருள் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கி இழுத்துவிடுகிறார்கள். மேலே இன்சுலேஷன் டேப் சுற்றுகிறார்கள். வெயிலில் அதன் பசை உருகி, தொட்டால் கையெல்லாம் கருப்பு. நாளை நடுவழியில் வண்டி நின்றால், இரவில் டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சிவப்புக் காட்டுக்குள் எதை என்று பிடிப்பது?

வயர் நிறத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். கோபம்தான். ஒரே நிறத்தில் வயர் இழுப்பவன் தனக்கு அடுத்து அந்த வண்டியைத் திறப்பவனை நினைக்கவே இல்லை. அந்த நினைப்பு போனால் எல்லாம் போகிறது. அவன்தான் சுருளையும் நாரையும் பிடுங்கி வீசிவிட்டு, ஒரு கட்டி ஃபோமை வெட்டி வைக்கிறான். அவன்தான் அதன்மேல் சாய்சதுரத் தையல் போட்டு, அசலில் இல்லாத சிவப்பு நூலை ஓட்டுகிறான். தொடுதிரை வைக்க டேஷ்போர்டை ரம்பத்தால் அறுக்கிறான். தேய்ந்து மறைந்துகொண்டிருக்கும் கான்டெஸா டேஷ்போர்டில் ஒன்று அறுபட்டால் ஒன்று குறைந்ததுதான், மறுபடி அதை வார்க்க அச்சு இல்லை. கேட்டால், வண்டிக்காரர் விரும்பினார் என்கிறார்கள். வண்டிக்காரர் விரும்பினாலும் கூடாது என்று சொல்லும் துணிவுதான் மேஸ்திரி என்ற பட்டத்துக்கே அடிப்படை. எங்கள் ஆசான் எத்தனையோ வண்டிகளை வேலை செய்யாமலே திருப்பி அனுப்பியிருக்கிறார். அன்று சாயங்காலம் அடுப்பில் உலை வைக்கக் காசு இல்லாத நாளிலும் அனுப்பியிருக்கிறார். இன்று அப்படித் திருப்பி அனுப்பும் பட்டறையை எனக்கு ஒருவர் காட்டட்டும்.

பழகுநராக வரும் பையன் ஓராண்டு துணி பிரித்து, ஓராண்டு எர்த் தேய்த்து, பிறகு ஸ்பேனர் தொடும் காலம் போய்விட்டது. அதற்குக் காரணம் பையன்கள் மட்டும் இல்லை. நாமும்தான். கண்காட்சியில் பரிசு கொடுக்கும்போது பெயின்டுக்கும் குரோமுக்கும் மதிப்பெண் கொடுக்கிறோம். டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்க்கும் நடுவர் அருகிவிட்டார். பார்க்கப்படாத இடத்தில் ஏன் உழைக்க வேண்டும் என்று ஒருவன் நினைத்தால், அப்படி நினைக்கக் கற்றுக்கொடுத்தது யார்?

சட்டமும் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை. 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த வண்டி வின்டேஜ் பதிவு பெறலாம். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. சீட்டையும் வயரையும் பற்றி அதில் பேச்சில்லை. 1984-இன் முதல் கான்டெஸாக்கள் அந்தத் தகுதியை எட்டுவது 2034-இல். அதுவரை அவற்றின் உள்பக்கத்தைக் காப்பாற்றும் பொறுப்பு அரசுக்கு இல்லை. நமக்குத்தான் இருக்கிறது.

ஆகவே சங்கத்து மூத்தோர் முன்னிலையில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் கண்காட்சியில் பரிசுக்கு வரும் ஒவ்வொரு வண்டியிலும், அதில் உண்மையில் போடப்பட்டிருக்கும் வயர்களின் நிறமும் கனமும் குறித்த கையெழுத்துப் படம் கிளவ் பாக்ஸில் இருக்க வேண்டும். இல்லாத வண்டியை மதிப்பெண் கணக்கில் சேர்க்கக் கூடாது. மொத்த மதிப்பெண்ணில் பாதியாவது உள்வேலைக்கும் வயரிங்குக்கும் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, சென்னை, கோவை, கரூர் ஆகிய வழிகளின் மூத்தோர்களோடு எங்கள் மலையடிவாரத்து வழிக்கும் ஓர் இடம் தந்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது பழகுநர்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும். இந்த மூன்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவந்தால் முன்மொழிய நான் தயாராக இருக்கிறேன். வகுப்பு தொடங்கும் நாளில் முதல் பாடம் எர்த் பற்றியதாக இருக்கட்டும் என்பது என் ஆசானின் சார்பில் நான் கேட்டுக்கொள்வது.