கன்னத்தில் மேடை வெளிச்சம்
மலாக்காவின் பாச்சாங் பக்கத்து வீடுகளில் சாமி மேடைக்கு மேல் பழைய காலண்டர் படம் மாட்டியிருந்தால், நான் முதலில் தேடுவது கீழோரக் கையெழுத்தை. சி. கொண்டையராஜு (1898–1976) என்றிருந்தால் நகர மனம் வராது.

கோவில்பட்டியில் இருந்து வரைந்தவர். நாடகத் திரைச்சீலை எழுதிய கை. குழந்தை முருகன் கன்னத்தில் மேடை விளக்கு பட்டாற்போல் ஒரு பளபளப்பு. மாலையின் ஒவ்வொரு முத்துக்கும் தனித்தனியே வெள்ளைப் புள்ளி. என்ன பொறுமை!

பிரெஞ்சு ஓவியர்கள் கல்லச்சுப் படத்தின் கீழே பென்சிலால் கையெழுத்திட்டு, பிரதி எண் போட்டு விற்றார்கள். கொண்டையராஜுவின் கையெழுத்தோ ஓவியத்தோடு சேர்ந்தே அச்சானது; காலண்டர் கடைக்காரர் பெயர் தாங்கி இலவசமாகப் போனது. வருடம் முடிந்ததும் தேதித்தாளை எறிந்துவிட்டுப் படத்துக்குக் கண்ணாடி போட்டார்கள், தோட்டத்து லயத்து வீட்டிலும்.

வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள். மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்து, முருகன் கண்ணனாகிவிடுவார்.