ஐந்து கோடிக்கு ஓர் இம்ப்ரெஸா

1998-ல் சுபாரு இம்ப்ரெஸா 22பி ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 50 லட்சம் யென். 400 கார்கள்; இரண்டு நாட்களுக்குள் அத்தனையும் தீர்ந்தன. 2022-ல், ஏறக்குறைய அதே உருவத்தில், அதே நீல நிறத்தில், பிரிட்டனின் ப்ரோடிரைவ் நிறுவனம் குட்வுட் கார் விழாவில் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் பி25. மொத்தமே 25 கார்கள்தான். விலை 4,60,000 பவுண்டு, வரி தனி. பிரிட்டனின் 20 சதவீத வாட் வரியைச் சேர்த்தால் 5,52,000 பவுண்டு. நம் பணத்தில் வரிக்கு முன்பே சுமார் 5 கோடி ரூபாய்.

இந்தச் சந்தையில் பி25 தனியாக இல்லை. இத்தாலியில் கிமெரா நிறுவனம் பழைய லான்சியா 037-ஐ ஈவோ37 என்ற பெயரில் 4,80,000 யூரோவுக்குச் செய்தது. அமோஸ் நிறுவனம் லான்சியா டெல்டாவை எடுத்து, ஃபியூச்சரிஸ்டா என்று பெயர் வைத்து 3,00,000 யூரோவுக்கு விற்றது. பிரிட்டனில் போர்ஹம் நிறுவனம் ஃபோர்டின் உரிமம் பெற்று, முதல் தலைமுறை எஸ்கார்ட்டை வரிக்கு முன் 2,95,000 பவுண்டுக்குத் தயாரிக்கிறது. எல்லாமே ராலியில் சேறு பூசிக்கொண்டு ஜெயித்த கார்களின் மறுபிறவிகள். இவற்றுக்கு இவ்வளவு கொடுக்கலாமா?

பி25-ஐ எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் பரம்பரை உரிமை கேட்க மிகுந்த தகுதி அதற்குத்தான் இருக்கிறது. சுபாருவின் உலக ராலி கார்களைக் கட்டியதே ப்ரோடிரைவ்தான். 1995-ல் கொலின் மெக்ரே, 2001-ல் ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003-ல் பெட்டர் சோல்பெர்க் ஆகியோர் உலக சாம்பியன் ஆனது இவர்கள் பட்டறையிலிருந்து வந்த இம்ப்ரெஸாக்களில். 1997-ல் வந்த டபிள்யூஆர்சி97 காரின் உடலை வரைந்த பீட்டர் ஸ்டீவன்ஸ்தான் பி25-ஐயும் வரைந்தார். மெக்லாரன் எஃப்1-ஐ வரைந்த அதே ஸ்டீவன்ஸ். அன்று அணியின் பொறியியலைப் பார்த்துக்கொண்ட டேவிட் லாப்வொர்த் இதிலும் பொறியியல் பக்கம் நின்றார். எங்கோ ஒரு கம்பெனி பழைய புகழை விலைக்கு வாங்கி ஒட்டிக்கொண்ட கதை இதில் கிடையாது.

கிட்டே போய்ப் பார்த்தால் முதலில் பிடிபடுவது அளவு. இன்றைய எஸ்யூவி ஒன்றின் பக்கத்தில் நிறுத்தினால் தோள் உயரத்துக்கு நின்றுவிடும். பானெட், கூரை, பூட் மூடி, பின்பக்கச் சக்கர வளைவுகள், பம்பர்கள், பின்னிறக்கை எல்லாம் கார்பன் ஃபைபர். கையால் கூரையைத் தட்டினால் தகரச் சத்தம் வராமல் கட்டையான ஓர் ஓசை வருகிறது. கதவைத் திறந்தால் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் இல்லை. பழைய இம்ப்ரெஸாவின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. இதிலும் அது வந்திருக்கிறது, ஏனென்றால் உள்ளே இருப்பது உண்மையிலேயே பழைய இரண்டு கதவு இம்ப்ரெஸாவின் ஷெல்தான். அதை உரித்து, வலுப்படுத்தி, புதிய உடலைப் போர்த்தியிருக்கிறார்கள்.

இன்ஜின் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், சுபாருவுக்கே உரிய படுத்த பாக்ஸர் வகை. சக்தி 400 பிஎச்பிக்கு மேல். டார்க் 600 நியூட்டன் மீட்டர். எடை 1,200 கிலோவுக்குள். இந்த எண்களை அசல் ராலி காரோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1997-ன் போட்டிக் கார், விதிப்படி 34 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் மூச்சு விட்டது. அதனால் சக்தி 300 பிஎச்பியைச் சுற்றியே நின்றது. எடையும் குறைந்தபட்சம் 1,230 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, சாலைக்கு வந்த மறுபிறவி, மான்டி கார்லோ ராலியை ஜெயித்த மூலத்தைவிட இலேசானது, வலுவானது.

ஓட்டும்போது இந்த எண்களைவிட மனதில் நிற்பது கியர்பாக்ஸ். ஆறு கியர், சீக்வென்ஷியல். ஸ்டீயரிங் தண்டில் பொருத்திய பேடிலை விரலால் அசைத்தால் அடுத்த கியர் விழுகிறது. இன்றைய டூயல் கிளட்ச் கார்களில் கியர் மாறியதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். இதில் ஒவ்வொரு மாற்றமும் முதுகில் ஒரு தட்டாகத் தெரிகிறது, இயந்திரம் உயிரோடு இருப்பது போல. ஈரம் காயாத, இருபுறமும் வேலி நெருங்கிய கிராமத்துச் சாலையில் மூன்றாம் கியரிலிருந்து நான்குக்குப் போகும் அந்தத் தட்டுக்காகவே ஆக்ஸிலரேட்டரை மறுபடி மறுபடி மிதிக்கத் தோன்றுகிறது. சஸ்பென்ஷன் ஆச்சரியப்படுத்தும் அளவுக்கு மென்மை. குண்டும் குழியும் வந்தால் காரைத் தூக்கி எறியாமல் உறிஞ்சிக்கொள்கிறது. ராலி தெரிந்தவர்கள் சஸ்பென்ஷன் அமைத்தால் இப்படித்தான் இருக்கும். விறைப்பாக வைப்பதுதான் ஸ்போர்ட் என்று நினைப்பவர்கள் ரேஸ் ட்ராக்கிலிருந்து வருகிறவர்கள்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் தானே விட்டுக்கொடுக்கிறது. நான்கு சக்கர இயக்கம் உள்ள காரில் பின்சக்கரத்தை மட்டும் பூட்டிக் குறுகிய வளைவில் காரைத் திருப்ப இதுதான் வழி. ஊசி முனை போன்ற வளைவுகளுக்காக ராலி அணிகள் கண்டுபிடித்த வித்தை. காப்பி குடிக்கப் போகும் சாலையில் இதற்கு எந்த வேலையும் இல்லை. இருந்தும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

அப்புறம் அந்த வெடிச்சத்தம். பழைய ராலி வீடியோக்களில் இம்ப்ரெஸா வளைவுக்கு முன் காலை எடுக்கும்போது பட்பட்டென்று வெடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அது வேடிக்கைக்காக வைத்த சத்தம் கிடையாது. டர்போவை வெளியேறும் புகையின் வேகம்தான் சுற்றுகிறது. ஓட்டுநர் காலை எடுத்தால் புகை குறைந்து, டர்போ தளர்ந்துவிடும். திரும்ப மிதிக்கும்போது சக்தி வர நேரமாகும். ராலியில் அந்த ஒரு நொடி, வளைவுக்கு வளைவு சேர்ந்து போட்டியையே தின்றுவிடும். அதனால் காலை எடுத்த பிறகும் எரிபொருளைக் கொஞ்சம் விட்டு, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, அது வெளிக்குழாயில் போய் எரியும்படி செய்தார்கள். அந்த எரிதல் டர்போவைச் சுழல வைத்துக்கொண்டே இருக்கும். விலை? டர்போவும் மானிஃபோல்டும் சூட்டில் வெந்துபோகும். போட்டி அணிகளுக்கு அவை மாற்றிப்போடும் பொருட்கள். பி25-லும் இந்த ஆன்ட்டி-லேக் வசதி உண்டு. எப்போதாவது ஒரு முறை போட்டுக் கேட்கலாம். தினமும் போட்டால் பணப்பைதான் வெடிக்கும்.

சரி, 4,60,000 பவுண்டு எங்கே போகிறது? நகைக்கடையில் தங்கத்தின் விலை வேறு, செய்கூலி வேறு. இந்தக் கார்களில் தங்கம் கொஞ்சம், பில் முழுவதும் செய்கூலி. கார்பன் உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் அச்சு செய்ய வேண்டும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பேச வைக்கும் மென்பொருளை மாதக்கணக்கில் சரிசெய்ய வேண்டும். டிஃபரன்ஷியல், டாம்பர், பிரேக் எல்லாவற்றுக்கும் சோதனை ஓட்டம். லட்சம் கார் விற்கும் கம்பெனிக்கு இந்தச் செலவு ஒரு காருக்குச் சில நூறு பவுண்டு. 25 கார் விற்பவருக்கு ஒவ்வொரு காரின் தலையிலும் ஒரு வீட்டு விலை வந்து விழுகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் பி25-ன் விலையில் ஏமாற்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அசல் கார்கள் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். குரூப் பி என்ற ராலிப் பிரிவின் காலத்தில் ஒரு காரைப் போட்டிக்கு இறக்க 200 கார்கள் செய்திருக்க வேண்டும். குரூப் ஏ-வில் 5,000. பிறகு அது 2,500 ஆனது. அத்தனையையும் செய்து முடித்தால்தான் அணி ராலிக்குப் போக முடியும். ஆகவே ஜெயிக்க வேண்டிய கட்டாயத்தில், செலவைக் கம்பெனி தாங்கிக்கொண்டு, சாதாரண ஷோரூமில் அந்தக் கார்களை வைத்தது. லான்சியா டெல்டா 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு முறை தயாரிப்பாளர் பட்டம் வென்றது. அதே உருவத்தில் ஒன்றை ஓர் இத்தாலியக் குடும்பம் வாங்கிப் பிள்ளைகளைப் பள்ளியில் விட முடிந்தது. ராலியின் மகிமையே அதுதான்: சனிக்கிழமை காட்டுப்பாதையில் பார்த்த கார், திங்கட்கிழமை நம் தெருவில் நிற்கும்.

இதில் 22பி-யின் இடம் விநோதமானது. 1997-ல் உலக ராலி கார் விதி வந்தபின் அப்படி விற்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. 22பி வந்தது சுபாருவின் 40-ம் ஆண்டையும், தொடர்ந்து மூன்று தயாரிப்பாளர் பட்டங்களையும் கொண்டாடத்தான். டபிள்யூஆர்சி97-ஐப் போல வெளியே அகலமாக, உள்ளே 2.2 லிட்டர் இன்ஜினோடு. அப்படிப் பார்த்தால் 22பி-யே ஒரு ராலி காரின் நினைவுப் பிரதி. பி25 அந்தப் பிரதியைக் கொஞ்சமும் தயங்காமல் மேலே கொண்டுபோயிருக்கிறது.

ஆகவே, புதிய காரிடம் பழைய ஆன்மா இல்லை என்ற புகாரோடு எனக்கு உடன்பாடில்லை. என் மனத்தாங்கல் வேறு. இந்தக் காரை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? பழைய ராலி கார்களுக்கான போட்டிகளில் சேர, அந்தக் காலத்து அமைப்போடு கார் இருக்கிறது என்று சான்று வேண்டும். இன்ஜின் பெரிதாகி, கியர்பாக்ஸ் புதிதாகி, உடல் கார்பனாகிவிட்ட காருக்கு அந்தச் சான்று கிடைக்க வழியில்லை. இன்றைய போட்டிப் பிரிவுகளிலும் அதற்கு இடமில்லை. சக்கரங்கள் 19 அங்குலம், டயர்கள் மெல்லியவை. ஜல்லிப் பாதைக்கு இவை ஆகாது. ராலிக்காகவே யோசித்த ஹேண்ட்பிரேக், ராலிக்காகவே பிறந்த வெடிச்சத்தம், எல்லாம் இருந்தும் ராலி மட்டும் இல்லை. 25-ல் பெரும்பகுதி குளிரூட்டிய கராஜில் போர்வைக்குள் இருந்துவிடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. இப்படி ஒரு டாம்பர் அமைப்புக்கு அதைவிடப் பெரிய அநியாயம் வேறில்லை.

மற்றவற்றில் கிமெரா ஈவோ37-க்கு என் மரியாதை அதிகம். 1983-ல் ஆடியின் குவாட்ரோவை இரண்டே புள்ளியில் முந்தி, பின்சக்கர இயக்கத்தோடு தயாரிப்பாளர் பட்டம் வென்ற கடைசிக் கார் லான்சியா 037. அந்தக் காலத்தின் பொறியாளர் கிளாடியோ லொம்பார்தியே புதிய இன்ஜினில் கைவைத்திருக்கிறார். முன்னாள் உலக சாம்பியன் மிக்கி பியாசியான் ஓட்டிச் சரிபார்த்திருக்கிறார். 037-ல் சூப்பர்சார்ஜர் மட்டும் இருந்தது. ஈவோ37-ல் சூப்பர்சார்ஜரும் டர்போவும் சேர்ந்து வேலை செய்கின்றன. இந்த ஜோடி, 037-க்குப் பிறகு வந்த டெல்டா எஸ்4-ல் லான்சியா முயன்ற வழி. அதாவது 037-க்குக் கிடைக்காமல் போன அடுத்த கட்டத்தை இந்த ஈவோ37 கார்கள் எட்டுகின்றன. அப்படி ஒரு யோசனை பின்னால் இருந்தால் விலையைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை.

டெல்டா ஃபியூச்சரிஸ்டா எனக்கு ஒப்பவில்லை. ஐந்து கதவுக் காரை அறுத்து மூன்று கதவாக்கியிருக்கிறார்கள். வேலை நேர்த்தி, கண்ணுக்கு அழகு. ஆனால் குடும்பக் காரின் வடிவத்திலேயே உலகத்தை ஜெயித்ததுதான் அந்த டெல்டாவின் பெருமை. பின்கதவை எடுத்தவுடன் அந்தப் பெருமையின் பாதி போய்விட்டது.

காசு கையில் இருந்து, ராலிதான் ஆசை என்றால், நான் போகச் சொல்வது எஸ்கார்ட் பக்கம். 1972 முதல் 1979 வரை பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை எட்டு வருடம் தொடர்ந்து ஜெயித்த கார் அது. வடக்கு வேல்ஸில் எம்எஸ்டி நிறுவனம் எஸ்கார்ட்டைப் புதிதாகவே கட்டித் தருகிறது, சாலைக்கும் சரி, ராலிக்கும் சரி. அவர்கள் அடிப்படையில் எஸ்கார்ட் உதிரிபாகம் விற்பவர்கள். மரத்தில் மோதி முன்பக்கம் நசுங்கினால் அடுத்த வாரம் புதிய பாகம் வாங்கிப் பொருத்திவிட்டு மறுபடி கிளம்பலாம். இடிக்கப் பயப்படாமல் ஓட்டக்கூடிய கார்தான் ராலி கார். போர்ஹமின் எஸ்கார்ட் 10,000 ஆர்பிஎம் வரை சுற்றும் 2.1 லிட்டர் இன்ஜினோடு ஆசை காட்டுகிறது. ஆனால் அந்த விலைக்கு அதைக் காட்டுப்பாதையில் விட எத்தனை பேருக்கு மனம் வரும்?

பி25 விலைக்கு வேறு என்னென்ன கிடைக்கும் என்றும் பார்த்துவிட வேண்டும். கொலின் மெக்ரேயே வைத்திருந்த 22பி முன்மாதிரி ஒன்று 2023-ல் பிரிட்டன் ஏலத்தில் 4,80,000 பவுண்டுக்குச் சற்று மேல் போனது. ஏறத்தாழ அதே பணம். சேமித்து வைக்கத்தான் கார் என்றால், ஒரு சாம்பியனின் பெயர் ஏறிய மூலத்தை விட்டுவிட்டு இதை எடுக்கக் காரணமில்லை. மறுமுனையில் டொயோட்டா ஜிஆர் யாரிஸ். 2020-ல் ராலி விதிக்காகவே தனி பாடியோடு செய்த கார், 1.6 லிட்டர், மூன்று சிலிண்டர், 257 பிஎச்பி, நான்கு சக்கர இயக்கம். பிரிட்டனில் அறிமுக விலை 30,000 பவுண்டுக்குள். ஒரு பி25-ன் பணத்தில் 15 யாரிஸ். 22பி-யின் உண்மையான வாரிசு யார் என்று கேட்டால், நான் கைகாட்டுவது அதைத்தான்.

அத்தனையும் சொன்ன பிறகும், பி25 வாங்க முடிந்தவரிடம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதம் ஒருமுறையாவது, மழை பெய்தாலும், நல்ல வளைவுள்ள சாலைக்கு எடுத்துப்போகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம். அவருக்கு அந்த கியர்பாக்ஸும் சஸ்பென்ஷனும் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுக்கும். கையெழுத்துப் போடும் முன் ஒரு விஷயத்தை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: அந்தக் கார்பன் பாகங்களின் அச்சுகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், பின்னிறக்கையோ பம்பரோ உடைந்தால் 2040-ல் யார் செய்து தருவார்கள், என்ன விலைக்கு.