புள்ளிக்குப் பின்னால் ஒரு பையன்

'13 சென்டினல்ஸ்: ஈஜிஸ் ரிம்' விளையாட்டில் முதல் சண்டை தொடங்கியபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். அதற்கு முந்தைய காட்சிகளில், மாலை வெயில் ஜன்னல் வழியாக இறங்கி வகுப்பறைக்குள் பரவுவதை ஓவியமாகப் பார்த்திருந்தேன். இனி ராட்சத ரோபோக்கள் ஊருக்குள் நடந்து வரப்போகின்றன என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், திரையில் வந்தது ஒரு வரைபடம். கட்டடங்கள் வெறும் வடிவங்கள், எதிரிகள் புள்ளிகள், நம் ஆட்கள் சின்னச் சின்னக் குறிகள். அட, இதுக்கா இவ்வளவு பில்டப்?

ஜப்பானின் வனில்லாவேர் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு 2019 நவம்பரில் அங்கே வெளியானது. மற்ற நாடுகளுக்கு 2020-இல் வந்தது. எழுதி இயக்கியவர் ஜார்ஜ் காமிதானி. கையால் தீட்டியது போன்ற இருபரிமாணச் சித்திரங்களுக்குப் பேர்போன நிறுவனம், சண்டைப் பகுதியில் மட்டும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டது. காசு போதவில்லை போல என்றுதான் முதலில் நினைத்தேன். முழுதாக முடித்தபிறகு அப்படி நினைக்கவில்லை.

கதையும் சண்டையும் தனித்தனிப் பகுதிகள். கதைப் பகுதியில் பதின்மூன்று பள்ளி மாணவர்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு அறிவியல் புனைவுக்குள் மாட்டியிருக்கிறார்கள். மினாமி ஒரு குட்டி ரோபோவை ஒளித்து வைத்துக்கொண்டு அலைகிறாள். ஒகாதா ரயில் நிலையத்தில் ஒரே பொழுதைத் திரும்பத் திரும்ப வாழ்கிறான். யாகுஷிஜியிடம் பூனை பேசுகிறது. யாரை முதலில் பின்தொடர்வது என்பது பெரும்பாலும் நம் விருப்பம். ஒருவரின் கதை ஓரிடத்தில் பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் இன்னொருவரின் கதையில் முன்னேற வேண்டும், அல்லது ஒரு சண்டையை ஜெயிக்க வேண்டும்.

இதில் முக்கியமான விஷயம் கால வரிசை. சண்டைகள் எல்லாமே கதையின் கடைசிக் கட்டம். நாம் நடந்து திரியும் பள்ளிக்கூடக் காட்சிகள் அதற்கு முன்னால் நிகழ்ந்தவை. அதாவது சண்டையில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் தெரியும், நமக்குத்தான் தெரியாது. வரைபடத்தில் ஒரு குறியை நகர்த்துகிறேன். அது இன்னொரு குறியிடம் உரிமையோடு எரிந்து விழுகிறது. ஏன் என்று புரிய எனக்குப் பல மணி நேரம் பிடிக்கிறது.

ஹிஜியாமாவை எடுத்துக்கொள்வோம். போர்க்கால ஜப்பானிலிருந்து 1985-க்கு வந்து சேர்ந்தவன். விறைப்பும் ரோஷமும் நிறைந்தவன். அவனைக் கவிழ்க்க ஒரு யாகிசோபா பன் போதும். நூடுல்ஸ் திணித்த ரொட்டிதான், அதைக் கண்டால் பயல் எல்லாவற்றையும் மறந்துவிடுவான். அவன் மனசைப் பறிகொடுத்த பெண் உண்மையில் பெண் வேடமிட்ட ஒகினோ என்று தெரிந்ததும் கொதிக்கிறான். ஆனாலும் விட்டுப் போக முடியவில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சண்டைக்குத் திரும்பினால், அந்தக் குறி பழைய குறியாக இல்லை. அது அடிவாங்கும்போது எனக்குப் பதறுகிறது. திரையில் எதுவும் மாறவில்லை, மாறியது நான்.

என் பிழைப்பும் புள்ளிகளோடுதான். இரவுப் பணியில் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பணப் பரிமாற்றங்கள் பச்சைக் கோடாக ஓடும், பிசகினால் சிவப்பாகும். ஒரு ராத்திரி, "தோல்வி ஒரு சதவீதம்கூட இல்ல, காலைல பாத்துக்கலாம்" என்று அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் புகார்களை வாசித்தேன். அந்த ஒரு சதவீதத்துக்குள் ஒருவர், அம்மாவை அட்மிட் செய்யப் பணம் கட்ட முடியாமல் ஆஸ்பத்திரி கவுண்டரில் நின்றிருக்கிறார். எனக்குப் புள்ளி முதலில் வந்தது, மனிதர் பிறகு வந்தார். இந்த விளையாட்டும் அதே வரிசையில்தான் நம்மை நடத்துகிறது.

இதற்குமேல் கதையின் முடிச்சை உடைக்காமல் எழுத முடியாது. விளையாடப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 1945, 1985, 2025 என்று நாம் காலங்களாக நம்பியவை, ஒரு கணினி உருவாக்கிய உலகின் அடுத்தடுத்த பகுதிகள். பிள்ளைகளின் உண்மையான உடல்கள் வேறெங்கோ கிடக்கின்றன. இது தெரிந்தபின் யோசித்தால், அந்த உலகத்தின் நிஜமான தோற்றத்துக்கு ஓவியத்தைவிட வரைபடமே நெருக்கம். எல்லாம் தரவு. ஆனால் அதற்குள் பட்ட பசியும் ஆசையும் பொய்யாகிவிடவில்லை. "வெறும் டேட்டாதானே" என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை என்பதே இந்தப் படைப்பின் வெற்றி.

குறையும் உண்டு. 2012-இல் வந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்னோன்' விளையாட்டில் படைவீரர்களுக்குக் கதை கிடையாது. பெயர்கூட ஏதோ ஒன்று. ஆனால் செத்தால் செத்ததுதான். அந்தப் பயத்தினாலேயே அவர்கள் நமக்கு ஆட்களாகிறார்கள். இங்கே பதின்மூவரில் ஒருவரையும் நிரந்தரமாக இழக்க முடியாது. தோற்றால் மறுபடி ஆடலாம். சாதாரண நிலையில் தோற்பதே அபூர்வம். தொடர்ந்து களமிறக்கினால் மூளை களைத்து ஒரு சண்டைக்கு ஓய்வெடுக்க வேண்டும் என்ற விதி ஒன்றுதான் அவர்களுக்கு உடம்பு இருப்பதை நினைவூட்டுகிறது. அதையும்கூட ஆள் மாற்றிச் சமாளித்துவிடலாம். போதாக்குறைக்கு, கல்யாணத் தரகர் மாதிரி ஏறக்குறைய எல்லோரையும் ஜோடி சேர்த்து அனுப்பும் முடிவு. இவ்வளவு சிக்கலான பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் சுலபமான வரம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. எனக்குப் பதறியது பதின்மூன்று பேருக்காக மட்டும். அதே வரைபடத்தில் நொறுங்கும் கட்டடங்களுக்குள் இருந்தவர்களைப் பற்றி விளையாட்டு அதிகம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கதை சொல்லப்பட்ட புள்ளிகள்தான் மனிதர்களாயின, மற்றவை புள்ளிகளாகவே மறைந்தன. அன்றைக்கு அந்த ஒருவரின் புகாரை நான் வாசித்தேன். அதே இரவில் பணம் கட்ட முடியாமல் நின்று, புகார் எழுதாமலே போனவர்களும் இருந்திருப்பார்கள்.