தூது சென்ற ஔவையும் துணைக்குழுப் பெண்களும்

புறநானூற்றின் 95ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம் மாணவியர் முகத்தில் ஒரு பெருமிதம் வரும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஒரு பெண் என்பதுதான் காரணம். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூடி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. புகழ்வதுபோல் இகழும் அந்தத் திறமையை நாம் வியந்து வந்திருக்கிறோம். ஆனால், அங்கே ஔவை பேசுவது யாருடைய குரலில்? எங்கள் அரசன் போர் பழகியவன் என்பதே அவர் கொண்டுபோன செய்தி. அந்த வேல்கள் யார் யாரைக் கைம்பெண் ஆக்கின என்ற கேள்வி அப்பாடலில் இல்லை. அதற்குக் கணவனை இழந்த பெருங்கோப்பெண்டின் பாடலுக்குப் போகவேண்டும். அரசனின் சொல்லைச் சுமப்பவள், இறந்தவனுக்காக அழுபவள் என்ற இந்த இரண்டு இடங்களுக்கு நடுவே, போரை நிறுத்தும் நிபந்தனைகளைத் தானே வகுக்கும் பெண்ணைப் புறத்திணை நமக்குக் காட்டவில்லை.

ஒப்பந்தத்தின் சொற்கள் வீட்டுக்குள் வரை வரும் என்பது புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால், ஒரே குடும்பத்தில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாகவும் மற்றவர் இந்தியராகவும் ஆன ஊர் இது. அந்தப் பழக்கத்தோடுதான் 2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியால் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்த போர்நிறுத்த ஒப்பந்தத்தைப் படித்தேன். பொதுமக்களுக்கு எதிராகச் செய்யக்கூடாதவை என்று சித்திரவதை, மிரட்டல், கடத்தல், பணம் பறித்தல், துன்புறுத்தல் ஆகியவற்றை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. பாலியல் வன்முறையைப் பெயர் சொல்லவில்லை. போரில் பெண்கள் பங்கேற்பையும் பாதுகாப்பையும் பற்றிய ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானம் நிறைவேறி அப்போது ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

தாய்லாந்து, ஒஸ்லோ, பெர்லின், ஹக்கோனே என்று ஆறு சுற்றுப் பேச்சுகள் நடந்தன. இரு தரப்பின் முதன்மைப் பேச்சாளர்களிலும் பெண் இல்லை. புலிகளின் படையில் ஆயிரக்கணக்கான பெண்கள் களத்தில் இறந்திருந்தார்கள். சாவதற்குத் தகுதி பெற்றவர்கள் பேசத் தகுதி பெறவில்லை.

பெண்களுக்கென்று பால்நிலை விவகாரத் துணைக்குழு ஒன்று அமைந்தது. தரப்புக்கு ஐவராகப் பத்துப் பேர். அரசுத் தரப்பில் குமாரி ஜயவர்தன உள்ளிட்ட சிங்கள, முஸ்லிம் பெண்கள். புலிகள் தரப்பில் தமிழினியின் தலைமை. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். இவர்களையும் அனுப்பியவர்கள் இரண்டு அரசர்கள்தானே என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அவர்கள் அங்கே ஆயுதப் பெருமை பேசவில்லை. மறுகுடியேற்றம், தனிமனிதப் பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம், நல்லிணக்கம் என்று சேர்ந்து ஒரு பட்டியல் போட்டார்கள். ஒவ்வொன்றும் போருக்குப் பின் எப்படி வாழ்வது என்பது பற்றியது. அதை ஒரு துணைக்குழுவின் வேலையாக ஒதுக்கி, முடிவெடுக்கும் அதிகாரத்தை வேறு அறையில் வைத்ததில்தான் கோளாறு. ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகியதும் துணைக்குழுவும் செயலற்றுப் போயிற்று. 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தைக் கைவிட்டது. 2009 மே மாதம் என்ன நடந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பெண்கள் மேசையில் இருந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் வாதிடவில்லை. அப்படிச் சொல்வது, சமாதானத்தைப் பெண்ணின் இயற்கைக் குணமாக்கிவிடும். களத்தில் துப்பாக்கி ஏந்திய பெண்களின் முடிவுகளையும் அழித்துவிடும். என் வாதம் எளியது: விளைவைச் சுமப்பவர்களுக்கு நிபந்தனை வகுப்பதில் பங்கு உண்டு.

2017 பிப்ரவரி 20 அன்று, அதே கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். படங்களைப் பிடித்திருக்கும் அவர்களை உலகம் அழும் பெண்களாகவே பார்க்கிறது. அவர்கள் கேட்பதோ பெயர்ப் பட்டியலும் பொறுப்புக்கூறலும். அது ஒப்பாரி அல்ல, அரசியல் கோரிக்கை. ஔவையின் தூதைப் பாடமாக வைத்திருக்கும் நாம், அதன் பக்கத்தில் கிளிநொச்சித் துணைக்குழுவின் பட்டியலையும் வைத்துப் படிக்கத் தொடங்கலாம்.